கண்ணாடி உடைந்தது, ஸ்கேனர் "நகரவில்லை" என்றது

போன சனிக்கிழமை ஆறாவது சுற்று ஸ்கேனை முடித்தோம். சுவரின் உச்சியில், கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே, பாயின்ட் கிளவுட் (லேசர் ஸ்கேனர் அளந்து தரும் புள்ளிகளின் மேகம்) காட்டிய நகர்வு 4.3 மி.மீ. அதே இடத்தில் ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை டோட்டல் ஸ்டேஷனில், அதாவது ஒவ்வொரு புள்ளியாகக் கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியில், பார்த்தால் 4.1. இரண்டு கருவிகளும் தனித்தனியாக அளந்து இவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன. ஜூலையில் இதே சுவரைப் பற்றி "குறிப்பிடத்தக்க நகர்வு இல்லை" என்று கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் கொடுத்தவனும் நான்தான். அது தப்பு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது பத்து ரூபாய் பெறாத ஒரு கண்ணாடித் துண்டு.

இடம் சென்னையில் ஒரு பழைய தெரு. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை), அதற்கும் மேலே பிற்காலத்தில் யாரோ ஏற்றிய இன்னொரு மாடி. பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறது. இரண்டு தள பேஸ்மென்ட்டுக்காக ஏழு மீட்டர் பள்ளம். பள்ளத்தைப் பார்த்து நிற்கும் பக்கவாட்டுச் சுவர் 22 மீட்டர் நீளம், 11 மீட்டர் உயரம். உச்சி நகர்வு 5 மி.மீ. ஆனால் எச்சரிக்கை, 10 ஆனால் தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்று ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்திருந்தார். ஒப்பந்தக்காரருக்கு முழுச் சுவரின் படமும் வேண்டும், எந்த இடம் வீங்குகிறது என்று தெரிய வேண்டும். அதனால்தான் லேசர் ஸ்கேனர்.

வாடகைக்கு எடுத்த ஸ்கேனர் நடுத்தர வகை. கோணத் துல்லியம் 19 செகண்ட் (ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்குதான் இந்தச் செகண்ட்) என்று அதன் தாளில் போட்டிருந்தது. நான் நின்ற 26 மீட்டர் தூரத்துக்கு அது 2.4 மி.மீ. ஆகிறது. 5 மி.மீ. வரம்புக்கு இந்தக் கருவி போதுமா என்று அன்றே பேப்பரில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

ரெஜிஸ்ட்ரேஷன் என்றதும் நம் ஊரில் பத்திர ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். இது வேறு. ஒவ்வொரு இடத்தில் நின்று எடுத்த ஸ்கேனும் தன் முக்காலியையே பூஜ்யமாக நினைத்துக்கொள்ளும். அவற்றையெல்லாம் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து பொருத்துவதற்குத்தான் அந்தப் பெயர். ஜூன் ஸ்கேனையும் ஜூலை ஸ்கேனையும் பொருத்துவதில் 5 மி.மீ. பிசகினால், சுவர் சும்மா நிற்க, ரிப்போர்ட்டில் சுவர் சாய்ந்துவிடும். சாய்ந்த சுவர் ரிப்போர்ட்டில் நேராக நிற்கவும் கூடும். எனக்கு நடந்தது இரண்டாவது.

ஜூனில் மூன்று இடங்களில் நின்று எடுத்தோம்: எதிர்ப்பக்க வீட்டு மொட்டை மாடி, பள்ளத்தின் ஓரம், தெரு. ஜூலையிலும் அதே. ஸ்கேன்களைப் பொருத்த உதவும் அடையாளப் பலகை, அதாவது டார்கெட், எதுவும் வைக்கவில்லை. மென்பொருளில் இரண்டு மேகங்களையும் ஏற்றி, கண்ணால் ஓரளவு பொருத்தி, ஐ.சி.பி. ஓட்டினேன். பெஸ்ல், மெக்கே இருவரும் 1992-இல் எழுதிய பழைய முறைதான் அது: ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற மேகத்தில் மிக அருகிலுள்ள புள்ளியைப் பிடித்து, மொத்த இடைவெளி குறையும்படி திருப்பி நகர்த்திக்கொண்டே போகும். முடிவில் 1.8 மி.மீ. என்று ஒரு எண் வந்தது. ஆகா, 2 மி.மீ.க்குள் வந்துவிட்டோம் என்று ரிப்போர்ட் தட்டினேன்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி போன் செய்தார். அந்த வீட்டில் முன்பே இருந்த விரிசலின் குறுக்கே, இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து, ஒரு விரல் அகலக் கண்ணாடித் துண்டைப் பதித்து வைத்திருந்தார். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். "என்ன சார், உங்க மிஷின் ஒண்ணும் ஆகலேன்னு சொல்லுது. என் கண்ணாடி தெறிச்சுக் கிடக்கே!" என்றார். போய்ப் பார்த்தேன். நடுவில் சுத்தமாக முறிந்து, இரண்டு துண்டுக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் அளவுக்குச் சந்து. மாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததிலும் சுவர் வெளியே வந்திருப்பது தெரிந்தது. அளவு சொல்லத்தான் முடியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்ததில் தப்பு தெரிந்தது. இரண்டு மேகங்களிலும் இருந்த புள்ளிகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்தச் சுவருடையவை. ஐ.சி.பி.க்கு எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று தெரியாது. அதிகப் புள்ளி யாரிடமோ அவர்கள் பக்கம் சாயும். சுவர் மொத்தமாக ஒரு கதவு போல் வெளியே சாய்ந்திருக்க, அது முழு ஜூலை மேகத்தையும் எதிர்ப்பக்கம் திருப்பிச் சுவரோடு சுவரைப் பொருத்திவிட்டது. பாவம், எதிர்ப்பக்க வீடுகளெல்லாம் சாய்ந்து நின்றன. அந்த 1.8 மி.மீ. "நான் எவ்வளவு நன்றாகப் பொருத்தினேன்" என்று மென்பொருள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்.

உடனே சுவரை வெட்டி எடுத்துவிட்டு, தெருவுக்கு அப்பால் இருக்கும் கட்டடங்களின் முகப்புகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினேன். சுவரின் உச்சியில் சுமார் 3 மி.மீ. வந்தது. ஆனால் எந்த முகப்பைச் சேர்க்கிறேன், எதை விடுகிறேன் என்பதைப் பொறுத்து ஒன்றரை முதல் ஐந்து வரை ஆடியது. வாபஸ் கடிதத்தில் "சுமார் 3, உறுதியில்லை" என்றே எழுதினேன். கன்சல்டன்ட் திட்டவில்லை; "அப்ப முதல்லேர்ந்து சரியா ஆரம்பிங்க" என்றார். திட்டியிருந்தாலே பரவாயில்லை.

அடுத்து டார்கெட். கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, மழைக்குப் பயந்து லேமினேட் செய்து, ஐந்து இடங்களில் ஒட்டினேன். செலவு 150 ரூபாய், பயன் அதற்கும் குறைவு. லேமினேட் பளபளப்பில் வெயில் பட்டதும் மையத்தைச் சுற்றிப் புள்ளிகள் சிதறின. இரண்டாம் நாளே தாள் உப்பிக்கொண்டது. அப்புறம் போர்டு கடைக்குப் போய், 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட்டை (போர்டுகளுக்குப் போடும் அலுமினியப் பூச்சுப் பலகை) 15 செ.மீ. சதுரங்களாக வெட்டி, மேட் வினைல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். ஒன்று 90 ரூபாய், 24 எடுத்தேன், 2,160 ரூபாய். "மேட்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். கடைக்காரருக்குப் பளபளப்பு இல்லாத போர்டு போர்டே இல்லை. ஒவ்வொன்றையும் ஆங்கர் போல்ட்டும் அரால்டைட்டும் போட்டுப் பதித்தோம். சாரம் கட்டவும் ஆளுக்கும் 3,500.

இங்கேயும் ஒரு சறுக்கல். முதல் நாள் ஏணி வரவில்லை. சரி, கைக்கு எட்டும் உயரத்திலேயே வைப்போம் என்று ஐந்து டார்கெட்டையும் கீழே, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வைத்துவிட்டோம். பொருத்திய பிறகு டார்கெட்டுகளில் மிச்சப் பிழை 1.2 மி.மீ., பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரே கோட்டில் வைத்த டார்கெட்டுகள் கதவின் கீல் மாதிரி. கீல் அசையாது, கதவு ஆடும். அரை மி.மீ. பிழை கீழே ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருந்தால், 11 மீட்டர் மேலே போகும்போது அது 5 மி.மீ. ஆகிவிடுகிறது. ஸ்கேனருக்குள் இருக்கும் சாய்வுமானியாவது இதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். ஆனால் பழைய ஏதோ வேலைக்காக அந்தத் தேர்வை நான் அணைத்து வைத்திருந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. நாள் என்றால் ஸ்கேனர் வாடகை 14,000.

கண்டுபிடித்தது எப்படி என்றால், பூஜ்ய சோதனையால். இந்த வேலையில் நான் கற்ற உருப்படியான ஒரே வித்தை இதுதான். காலையில் ஒரு சுற்று முழுதாக ஸ்கேன் செய்துவிட்டு, முக்காலியைப் பிரித்து, டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து நிறுத்தி இன்னொரு சுற்று. ஒரு மணி நேரத்தில் சுவர் எங்கேயும் போயிருக்காது. இரண்டையும் ஒப்பிட்டால் பூஜ்யம் வர வேண்டும். எவ்வளவு வருகிறதோ அதுதான் என் உண்மையான பிழை. முதல் சோதனையில் சுவரின் அடியில் 1 மி.மீ., உச்சியில் 5.2 மி.மீ. வந்தது. 5 மி.மீ.க்கு எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய கருவி, ஒன்றுமே நடக்காதபோது 5.2 காட்டியது. இந்தப் படத்தைக் கன்சல்டன்ட்டுக்கு அனுப்பவில்லை.

ஆகஸ்டில் ஒழுங்காக ஆரம்பித்தோம். அதைத்தான் இப்போது அடிப்படைச் சுற்றாக வைத்திருக்கிறேன்.

டார்கெட்டுகளைப் பள்ளத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோனோம். தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடங்களின் தூண்களில் நான்கு, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் கால்களில் இரண்டு, கோடியில் இருக்கும் வீட்டுக் கேட்டுத் தூணில் ஒன்று, தெருவிளக்குக் கம்பத்தில் ஒன்று, மொட்டை மாடி மாடிப்படி அறைச் சுவரில் ஒன்று. மொத்தம் ஒன்பது. உயரம் ஒரு மீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் வரை. சுவர் நடுவில், டார்கெட்டுகள் நாலா பக்கமும், கீழும் மேலும். கணக்குக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் எண்ணம். சுவரில் வைத்த ஆறு டார்கெட்டையும் ரெஜிஸ்ட்ரேஷனில் சேர்க்கவே இல்லை. அவை பரீட்சை எழுதுபவை, வினாத்தாள் தயாரிப்பவை அல்ல.

ஒன்பதையும் ஒரு செகண்ட் டோட்டல் ஸ்டேஷனால், நாளுக்கு 2,500 ரூபாய் வாடகை, இரண்டு இடங்களிலிருந்து ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் (தொலைநோக்கியை நேராகவும் புரட்டியும்) இரண்டிலும் நாலு செட் பார்த்தோம். ஐம்பது மீட்டரில் ஒரு செகண்ட் என்பது கால் மி.மீ.தான், அதனால் ஸ்கேனரை இதன் மேல் நிறுத்தலாம். ஆனால் "நிலையான புள்ளி" என்று நாம் பெயர் வைப்பதால் அது நிலையாக இருந்துவிடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பது புள்ளிகளுக்கும் இடையிலான 36 தூரங்களையும் எக்செல்லில் போட்டு, போன சுற்றோடு கழித்துப் பார்த்தேன். கேட்டுத் தூணிலிருந்து போகும் எட்டு தூரங்களும் சொல்லிவைத்தாற்போல் மாறியிருந்தன, 3 மி.மீ. வரை. பள்ளத்து மண் இறங்கும்போது தூணும் இழுபட்டிருக்கிறது. தெருவிளக்குக் கம்பம் காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று சொன்னது. வெயில் பட்ட பக்கம் இரும்பு நீண்டு கம்பம் வளைகிறது. இரண்டையும் நீக்கிவிட்டு ஏழோடு நின்றோம்.

ஆயக்கூறு விஷயத்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் எடுத்த தம்பி, ஒப்பந்தக்காரரின் வரைபடத்தோடு ஒத்துப்போகட்டும் என்று யு.டி.எம். 44 ஆயங்களில் (உலக வரைபடத்துக்கான மீட்டர் கணக்கில்) கொடுத்துவிட்டான். சென்னையில் வடக்கு ஆயம் 14 லட்சம் மீட்டருக்கு மேல். புள்ளி மேகங்களை ஒப்பிடும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் ஏற்றும்போது "ஆயம் பெரிதாக இருக்கிறது, நகர்த்திக்கொள்ளவா?" என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். திரையில் சுவர் சுவராகவே இல்லை, பரண் ஏணி மாதிரி வரிவரியாக நின்றது. ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று வாடகைக்குக் கொடுத்தவருக்குப் போன் போடப் போனேன், நல்ல வேளை எடுக்கவில்லை. எண்ணை 32 பிட்டில் வைத்தால் அவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்த எண் 12.5 செ.மீ. தள்ளித்தான் இருக்கும், நடுவில் இருக்கும் புள்ளிகளெல்லாம் பக்கத்துப் படிக்கு ஏறிக்கொள்ளும். அன்றிலிருந்து உள்ளூர் ஆயம்தான்: கிழக்கு 1000, வடக்கு 2000, உயரம் 100. கிழக்குக்கும் வடக்குக்கும் வேறு வேறு எண் வைத்தது, யாராவது இரண்டு பத்தியையும் மாற்றிப் போட்டால் பார்த்த உடனே தெரியட்டும் என்றுதான்.

அதே மென்பொருளில் ஐ.சி.பி. ஓட்டும் இடத்தில் அளவைச் சரிசெய்யும் ஒரு தேர்வு உண்டு. அதைத் தொடவே கூடாது. தொட்டால் சுவரைச் சுருக்கியோ நீட்டியோ பொருத்தி, சின்னப் பிழையைக் காட்டி நம்மை ஏமாற்றும். நான் ஒரு தடவை தொட்டேன்.

மொட்டை மாடி ஸ்டேஷன், அதாவது ஸ்கேனரை நிறுத்திய இடம், தனிக் கதை. பார்வைக்கு அருமையான இடம், சுவர் நேர் எதிரே. இரண்டாவது பூஜ்ய சோதனையில் பிழை 2.6-க்கு இறங்கியிருந்தது. ஆனால் அந்த ஸ்டேஷன் ஸ்கேனில் மட்டும் நடுவில் ஒரு செங்குத்துப் பட்டை விலகி நின்றது. ஸ்கேனர் சுற்றும்போது அந்தப் பட்டையை அடைந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று யோசித்தால், வீட்டுக்கார அக்கா துணி எடுக்க வந்தார். பழைய தளம், கால் வைத்தால் துள்ளுகிறது. மறுநாள் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே தம்பியை நடக்கச் சொன்னேன். முக்காலிக்கு அரை மீட்டர் பக்கத்தில் வரும்போது குமிழி கண்ணுக்குத் தெரிந்தே நகர்ந்தது. அதற்கப்புறம் முக்காலியின் கால்களைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து மூலையில் வைத்தோம். அக்காவிடம் "பன்னிரண்டு நிமிஷம் மட்டும்" என்று சொல்லிவைத்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்துப் பதிமூன்றாவது நிமிஷம் வந்து நிற்பார்.

பள்ளத்தோர ஸ்டேஷனை ஜே.சி.பி. ஓடாத நேரத்தில் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்துக் கொட்டிய மண்ணில் முக்காலி இறங்கவும் செய்தது. மூன்று சிமென்ட் பலகைகளைப் புதைத்த பிறகு நின்றது.

வெயில்தான் கடைசி எதிரி. காலை ஆறரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் ஒரு பூஜ்ய சோதனை செய்தேன். உச்சியில் 1.9 மி.மீ. வித்தியாசம். முதலில் என் பிழை என்றே நினைத்தேன், ஆனால் டோட்டல் ஸ்டேஷனும் 1.7 என்றது. சுவர் மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயிலில் வெளிமுகம் சூடாகி நிஜமாகவே வளைகிறது. அதனால் எல்லாச் சுற்றும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள், ஸ்கேனரை வண்டியின் ஏசியிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளிக்காற்றில் வைத்த பிறகுதான். மழை பெய்த மறுநாள் எடுப்பதில்லை. ஈரச் செங்கலில் லேசர் திரும்பி வருவது பலவீனமாகி, ஊறிய இடமெல்லாம் படத்தில் நகர்ந்த இடம் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது.

இவ்வளவும் சேர்ந்த பிறகு, ஆகஸ்ட் கடைசியில் பூஜ்ய சோதனை உச்சியில் 1.0 மி.மீ. காட்டியது. பரீட்சை எழுதிய ஆறு டார்கெட்டுகளிலும் 1.3-க்கு மேல் எதுவும் போகவில்லை.

ஒப்பிடுவதற்கு எம்3சி2. லாக், புரோடு, லெரூ மூவரும் 2013-இல் நியூசிலாந்தின் ரங்கிடிக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒப்பிடச் செய்த முறை. காரை உதிர்ந்த சென்னைச் சுவருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது, இரண்டும் மேடு பள்ளம்தான். புள்ளிக்குப் புள்ளி கழிக்காமல், சுவருக்குச் செங்குத்தாக ஓர் உருளையை விட்டு, அதற்குள் அகப்படும் புள்ளிகளின் சராசரியை ஒப்பிடும். உருளை விட்டம் 20 செ.மீ. வைத்தேன். ஐந்து செ.மீ.யில் ஒவ்வொரு செங்கல் இடுக்கும் சத்தம் போட்டது. ஐம்பதில் சன்னல் சட்டம் சுவரோடு கலந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரேஷன் பிழையைக் கேட்கும் கட்டத்தில் மென்பொருள் போட்ட மதிப்பெண்ணைப் போடாமல், பூஜ்ய சோதனையின் 1.0 மி.மீ.யைப் போட்டேன். அது 1.96 மடங்காகக் கணக்கில் ஏறும், எனவே 2 மி.மீ.க்குக் கீழே எந்த நகர்வையும் "உறுதி" என்று அது சொல்லாது. ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்கவில்லை. படத்தில் பாதிச் சுவர் சாம்பல் நிறமாக வருகிறதாம். வரட்டும்.

ஆகஸ்ட் அடிப்படையிலிருந்து எண்ணினால், செப்டம்பரில் நான்காவது சுற்று 2.2, மாதக் கடைசியில் ஐந்தாவது 4.0. முன்பு தொலைந்த "சுமார் 3" சேர்த்தால் 5 தாண்டியது என்று எழுதினேன். பள்ளத்தில் இரும்பு ஸ்ட்ரட் (பக்கவாட்டுத் தாங்கல்) இன்னொரு வரிசை போட்டார்கள். ஆறாவதுதான் இந்த 4.3.

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்: உருப்படியான நாலு சுற்றுக்கு ஸ்கேனர் 56,000, வீணாய்ப் போன நாட்களுக்கு இன்னொரு 42,000, டோட்டல் ஸ்டேஷன் 15,000, டார்கெட், சாரம், சிமென்ட் பலகை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். அந்த 42,000 என் கைக்காசு.

அடுத்த தடவை 8 செகண்ட் ஸ்கேனர் கேட்பேன். வாடகை கூடுதல்தான், ஆனால் 26 மீட்டரில் 1 மி.மீ.யோடு நிற்கும். பூஜ்ய சோதனையை முதல் நாளே, ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குத் தனியாகக் காசு வாங்குவேன். டார்கெட்டுகளைத் தோண்ட ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பதித்து, அவை சும்மா இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கேட்டுத் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

சனிக்கிழமை கிளம்பும்போது மேஸ்திரி விரிசலின் மேல் புதுக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை இரண்டு துண்டு. ஈரச் சிமென்ட்டில் தேதியைக் கீறிவிட்டு, "உங்க டார்கெட் பக்கத்துலயே ஒண்ணு வச்சிருக்கேன் சார், பார்த்துக்கலாம்" என்றார்.